நிறைகோலும் முடத்தெங்கும்

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் நாளன்று பெற்றோர் ஒரு படிவத்தில் கையொப்பம் இடுகின்றனர். பெயர், பிறந்த நாள், முகவரி, தாய்மொழி எனப் பல வினாக்கள் அப்படிவத்தில் அச்சிடப்பட்டுள்ளன. அச்சிடப்படாத ஓர் உடன்பாடும் அதில் உண்டு. 'எங்கள் பிள்ளையை உங்களிடம் ஒப்படைக்கிறோம். அறிவில் வளர்த்துத் தாருங்கள்' என்பதே அது. நம் வீடுகளில் இதனை அமானிதம் என்று சொல்வோம். ஒப்படைக்கப்பட்டதைக் குறைவின்றியும் கலப்பின்றியும் காத்தளிப்பது அமானிதம் பெற்றவரின் கடமை. ஆசிரியர் என்பவர் முப்பது, நாற்பது, சில வேளைகளில் அறுபது அமானிதங்களை ஒரே அறையில் வைத்துக் காப்பவர்.

அந்த அறைக்குள் அரசியல் நுழையும்போது என்ன நேர்கிறது? ஆசிரியர் தம் கட்சியின் கருத்தைப் பாடத்தோடு கலந்து ஊட்டினால் பெற்றோர் தடுக்கலாமா? பாடநூலே ஆட்சியாளரின் புகழ் பாடினால் யாரிடம் முறையிடுவது? மறுபுறம், பெற்றோர் ஒருவர் தமக்குப் பிடிக்காத உண்மையை எல்லாம் 'அரசியல்' என்று பெயரிட்டு விலக்கச் சொன்னால் பள்ளி பணிந்துவிட வேண்டுமா? இவ்வினாக்களுக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. எனினும் நம் இலக்கண நூல் ஒன்று இதற்கு வழிகாட்டுகிறது என்பது நமது துணிபு.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம் நல்லாசிரியருக்கு நான்கு உவமைகளைக் கூறுகிறது. நிலம், மலை, நிறைகோல், மலர் என்பன அவை. ஆசிரியராகும் தகுதி இல்லாதாருக்கும் நான்கு உவமைகள் உண்டு. அவற்றுள் ஒன்று முடத்தெங்கு. வளைந்து வளர்ந்த தென்னைக்கு நீர் வார்ப்பவர் ஒருவர். காய் விழுவதோ அடுத்தவர் முற்றத்தில். ஐயத்தைத் தீர்த்து நடுநிலை பிறழாது நிற்பது நிறைகோல். உழைத்தவரை விட்டு அயலாருக்குப் பயன் தருவது முடத்தெங்கு. பெற்றோர் ஒப்படைத்த பிள்ளையின் நெஞ்சில் விளைவதைக் கட்சியின் முற்றத்தில் உதிர்க்கும் ஆசிரியரைக் குறிக்க இதனினும் பொருத்தமான உவமை உண்டோ?

நாம் முடத்தெங்காக நின்ற நாள்

பிறரைக் குறை கூறுமுன் நம் குறையைச் சொல்லிவிடுவது முறை. கல்லூரிப் பணிக்கு வருமுன் நாம் ஒரு மேனிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தோம். 2009ஆம் ஆண்டு, நாடாளுமன்றத் தேர்தல் நெருங்கிய காலம். பதினொன்றாம் வகுப்பிற்குக் கட்டுரைப் பயிற்சி. 'நான் விரும்பும் தலைவர்' என்பது தலைப்பு. தமிழ்நாட்டில் பள்ளி சென்ற எவரும் ஒருமுறையேனும் எழுதியிருக்கும் தலைப்புதான். மாணவர் எழுதியவை நமக்கு நிறைவளிக்கவில்லை. எனவே நாம் மதிக்கும் தலைவர் ஒருவரைப் பற்றிய குறிப்புகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டோம். முன்னுரை, இளமை, தொண்டு, ஆட்சித் திறன், முடிவுரை என்று ஐந்து உட்தலைப்புகள். அறுபது மாணவரும் அதனைப் பார்த்து எழுதினர். நாமும் அறுபது ஏடுகளிலும் சரி என்று குறியிட்டு மகிழ்ந்தோம்.

மூன்றாம் நாள் ஒரு தந்தை வந்தார். கடைவீதியில் தள்ளுவண்டியில் துணிகளுக்கு இஸ்திரி போடுபவர். தம் மகளின் கட்டுரை ஏட்டைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். நாற்காலியில் அமரச் சொன்னோம், அமரவில்லை.

"சார், 'நான் விரும்பும் தலைவர்'னு தலைப்புப் போட்டிருக்கீங்க. அறுபது புள்ளைங்களும் ஒரே தலைவரைத்தான் விரும்புதுங்களா?" என்றார்.

அவர் வேறு கட்சிக்காரர் போலும் என்று எண்ணி, அத்தலைவரின் பெருமைகளை விளக்கத் தொடங்கினோம். அவர் கையமர்த்தினார். "எனக்கும் அவரைத்தான் சார் பிடிக்கும். ஓட்டும் அவருக்குத்தான். ஆனா எம் பொண்ணு யாரை விரும்பணும்னு நீங்க எப்படி எழுதிப் போடலாம்?"

பிறகு ஏட்டின் முந்தைய பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். கரும்பலகையைப் பார்த்து எழுதுமுன் அப்பெண் தானாக எழுதிய கட்டுரை அங்கு இருந்தது. தம் தெருவிற்குக் குடிநீர்க் குழாய் வருவதற்காக நகராட்சி அலுவலகத்திற்குப் பலமுறை நடந்த பெண் உறுப்பினர் ஒருவரைப் பற்றி அவள் எழுதியிருந்தாள். எழுத்துப் பிழைகள் இருந்தன. ஆனால் அதில் ஒரு தெரு இருந்தது; குடங்களின் வரிசை இருந்தது; அந்த அம்மையார் வெயிலில் நின்றது இருந்தது. அதன் குறுக்கே சிவப்பு மையால் கோடிட்டு, 'தலைப்பிற்குப் பொருந்தவில்லை' என்று எழுதியிருந்தவர் நாம்தாம்.

அன்று நாம் கற்றது பெரிது. மாறுபட்ட கட்சிக்காரர் எதிர்ப்பதுதான் பெற்றோர் எதிர்ப்பு என்று அதுவரை எண்ணியிருந்தோம். தாம் ஏற்கும் கருத்தையே தம் மகளின் மேல் பிறர் திணிக்கக்கூடாது என்று ஒருவர் கூறக் கேட்டது அதுவே முதன்முறை. அந்தப் பெண்ணிடம் மறுநாள் வகுப்பில் வருத்தம் தெரிவித்தோம். கட்டுரைக்கு மதிப்பெண்ணும் இட்டோம். ஆனால் சிவப்புக் கோட்டை அழிக்க இயலவில்லை.

நாம் பெற்றோராக நின்ற நாள்

ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து நாற்காலி மாறியது. 2019 பிப்ரவரி 14ஆம் நாள் காஷ்மீரத்தின் புல்வாமாவில் நடந்த தற்கொலைத் தாக்குதலில் மத்திய ரிசர்வ் காவல் படையினர் 40 பேர் உயிரிழந்தனர். தமிழகத்தைச் சேர்ந்த வீரர் இருவரும் அவர்களுள் அடங்குவர். நாடே துயருற்ற அவ்வாரத்தில் ஆறாம் வகுப்பில் பயின்ற நம் மகன் மாலை வீடு திரும்பியதும் கேட்டான்: "அத்தா, புல்வாமா பத்தி நம்ம வீட்டுல என்ன சொன்னோம்?"

ஏன் கேட்கிறாய் என்றோம். வகுப்பில் ஆசிரியர் அந்நிகழ்ச்சியைப் பற்றிப் பேசினாராம். பேசி முடித்ததும் இவன் பக்கம் திரும்பி, 'உங்க வீட்டுல என்ன பேசிக்கிட்டாங்க?' என்று கேட்டாராம். முப்பத்தைந்து மாணவர் இருந்த வகுப்பில் இவன் ஒருவனிடம் மட்டும் அவ்வினா கேட்கப்பட்டது. இவனுக்கு விடை தெரியவில்லை. உண்மையில் நம் வீட்டில் அன்று தொலைக்காட்சியின் முன் அழுதுகொண்டிருந்தோம். அதனை ஒரு விடையாகச் சொல்ல வேண்டும் என்று பதினொரு வயதுப் பிள்ளைக்குத் தோன்றவில்லை.

மறுநாள் பள்ளிக்குச் சென்றோம். செல்லும் வழியெல்லாம் நம் மனம் கொதித்தது. புகார் மனு ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருந்தோம். ஆனால் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தபோது இஸ்திரி வண்டிக்காரரின் நினைவு வந்தது. அவர் நம்மைத் தலைமையாசிரியரிடம் காட்டிக்கொடுக்கவில்லை. கட்சிக்காரரை அழைத்து வரவில்லை. ஏட்டை மட்டும் கொண்டுவந்தார். எனவே மனுவை எடுக்காமல் பேசினோம்.

"நாட்டுப்பற்றைப் பத்தி வகுப்புல பேசக்கூடாதா சார்?" என்று அவ்வாசிரியர் கேட்டார்.

"தாராளமாகப் பேசுங்கள். முப்பத்தைந்து பேரிடமும் பேசுங்கள். ஒருவனிடம் மட்டும் கணக்குக் கேட்காதீர்கள்" என்றோம்.

அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். "யோசிக்காம கேட்டுட்டேன்" என்றார் இறுதியில். அதனை நாம் நம்பினோம். 2009இல் நாமும் யோசிக்காமல்தானே சிவப்புக் கோடிட்டோம்?

இவ்விரு நாள்களும் நமக்கு உணர்த்தியது ஒன்றே. வகுப்பறையில் அரசியல் பேசப்படுவது குற்றமன்று. பிள்ளையின் விடையை ஆசிரியர் முன்கூட்டியே எழுதிவிடுவதும், பிள்ளையின் பிறப்பைக் கொண்டு விடையை ஊகிப்பதுமே குற்றம்.

எதிர்ப்பு வழி தவறினால்

பெற்றோர் எதிர்ப்பிற்கும் ஒரு நெறி உண்டு. அந்நெறி தவறியதன் துயரத்தை நம் அண்டை மாநிலம் கண்டது. 2008இல் கேரள அரசின் ஏழாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் 'மதமில்லாத ஜீவன்' என்னும் பாடம் இடம்பெற்றது. ஜீவன் என்பது ஒரு சிறுவனின் பெயர். தந்தை முஸ்லிம் பெயருடையவர். தாய் இந்துப் பெயருடையவர். பள்ளியில் சேர்க்கும்போது பிள்ளையின் மதம் யாது எனத் தலைமையாசிரியர் கேட்க, மதம் வேண்டியதில்லை, வளர்ந்தபின் விரும்பினால் தானே தேர்ந்துகொள்வான் என்று பெற்றோர் கூறுகின்றனர். விலைவாசி உயர்வும் குடிநீர்ப் பஞ்சமும் எந்த மதத்தாரை மிகுதியாகப் பாதிக்கும் என்பது போன்ற பயிற்சி வினாக்களும் அதில் இருந்தன.

ஆளுங்கட்சியினர் தம் இறைமறுப்புக் கொள்கையைக் குழந்தைகளுக்கு ஊட்டுகின்றனர் என்று முஸ்லிம் அமைப்புகளும் கிறித்தவ ஆயர்களும் பிறரும் குற்றஞ்சாட்டினர். மனச்சான்று உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு வழங்குகிறது. அதையே பாடம் கற்பிக்கிறது என்பது அரசின் வாதம். இரு தரப்பிலும் சொல்லத்தக்க செய்தி இருந்தது. மதமின்றி வாழ்வோரும் நாட்டின் குடிமக்களே என்று பிள்ளைகள் அறிவதில் தவறில்லை. அதே வேளையில், நம்பிக்கையோடு வாழும் குடும்பத்தின் பிள்ளை அப்பாடத்தைப் படிக்கும்போது தன் வீடு பழியேற்பதாக உணருமா என்று கேட்கப் பெற்றோருக்கு முழு உரிமை உண்டு. அக்கேள்வியை அமைதியாகக் கேட்டிருந்தால் நாட்டிற்கே பயன்பட்டிருக்கும்.

நடந்ததோ வேறு. பாடநூல்கள் தெருவில் எரிக்கப்பட்டன. 2008 ஜூலையில் மலப்புரம் மாவட்டத்தில் ஆசிரியர் பயிற்சிக் கூட்டம் ஒன்றைத் தடுக்க நடந்த போராட்டத்தின்போது தாக்குதலுக்கு உள்ளான தலைமையாசிரியர் ஒருவர் உயிரிழந்தார். அப்போராட்டத்தை நடத்தியது ஒரு முஸ்லிம் இளைஞர் அமைப்பு என்பதை இந்த மலரில் நாம் எழுதாமல் விட்டால் நேர்மை ஆகாது. கற்பிக்கச் சென்ற ஒருவர் வீடு திரும்பவில்லை. அவர் அப்பாடத்தை எழுதியவரும் அல்லர். அரசு அமைத்த வல்லுநர் குழு பாடத்தை ஆராய்ந்து திருத்தங்களைப் பரிந்துரைத்தது. ஒரு குழுவின் மேசையில் தீரக்கூடிய சிக்கலுக்கு ஓர் உயிர் விலையாயிற்று.

அதே கேரளம் இதற்கு நேர்மாறான எதிர்ப்பையும் கண்டிருக்கிறது. 1985இல் யெகோவாவின் சாட்சிகள் எனப்படும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த உடன்பிறந்தார் மூவர் பள்ளியில் நாட்டுப்பண் பாடப்படும்போது மரியாதையுடன் எழுந்து நின்றனர், ஆனால் பாடவில்லை. தம் சமய நம்பிக்கை அதற்கு இடந்தரவில்லை என்பது அவர்களின் நிலை. சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் கண்டு அவையில் பேச, மூவரும் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். அவர்களுடைய தந்தை கூட்டம் கூட்டவில்லை. வழக்குத் தொடர்ந்தார், உயர் நீதிமன்றத்தில் தோற்றார், உச்ச நீதிமன்றம் சென்றார். 1986 ஆகஸ்டில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு அளித்த தீர்ப்பு அப்பிள்ளைகளை மீண்டும் பள்ளியில் சேர்க்க ஆணையிட்டது. எழுந்து நிற்பதே மரியாதை, பாடாமை அவமதிப்பு ஆகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். அவர்களின் நம்பிக்கை நம் நம்பிக்கையன்று. ஆயினும் பள்ளியின் வாயிலில் நின்ற அந்த மூன்று பிள்ளைகளுக்குக் கிடைத்த நீதி, நாளை எந்தச் சிறுபான்மையின் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டிய நீதி அன்றோ?

சமன் என்பது யாது?

'இரு பக்கமும் சொல்லுங்கள்' என்பதே இத்தகைய வேளைகளில் எளிதாகக் கூறப்படும் அறிவுரை. அது போதுமா? இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இதனைச் சட்டமாகவே ஆக்கியுள்ளது. பள்ளிப் பாடங்களில் ஒருதலையான அரசியல் கருத்தைப் பரப்புவதை அதன் 406ஆம் பிரிவு தடுக்கிறது. அரசியல் சிக்கல்களைக் கற்பிக்கும்போது மாறுபட்ட கருத்துகள் சமன்பட வைக்கப்பட வேண்டும் என்று 407ஆம் பிரிவு பணிக்கிறது. அமெரிக்க முன்னாள் துணை அதிபர் அல் கோர் பங்கேற்ற, புவி வெப்பமடைதல் பற்றிய ஆவணப்படத்தை அந்நாட்டு அரசு 2007இல் மேனிலைப் பள்ளிகளுக்கு வழங்கியபோது, கென்ட் பகுதியைச் சேர்ந்த தந்தை ஒருவர் இச்சட்டத்தின்படி வழக்குத் தொடுத்தார்.

அவ்வாண்டு அக்டோபரில் நீதிபதி பர்ட்டன் அளித்த தீர்ப்பு ஆசிரியர் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கத்தக்கது. படத்தின் அடிப்படைச் செய்தி அறிவியல் ஆய்வுகளோடு பெரும்பாலும் பொருந்துகிறது என்றார் அவர். ஒன்பது இடங்களில் மட்டும் அது பெரும்பான்மை அறிவியலாளர் கருத்தினின்று விலகுகிறது என்று கண்டார். படத்தைத் தடை செய்யவில்லை. அவ்விடங்களைச் சுட்டிக்காட்டும் ஆசிரியர் குறிப்போடு திரையிடலாம் என்றார். தந்தையின் கேள்வி மதிக்கப்பட்டது. உண்மையும் வெளியேற்றப்படவில்லை.

நிறைகோலின் பொருள் இதுவே. தட்டுகள் இரண்டையும் விரலால் பிடித்துச் சமமாக நிறுத்துவது எடை போடுவதாகாது. ஒரு தட்டில் கருங்கல்லும் மறு தட்டில் பஞ்சும் இருந்தால் கோல் சாயத்தான் வேண்டும். சாயாத கோல் பழுதுபட்ட கோல். பெற்றோரின் எதிர்ப்பெல்லாம் ஒரே எடையுடையன அல்ல. 2018இல் திருப்பூர் மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் பட்டியல் இனத்தைச் சேர்ந்த பெண்மணி சத்துணவு சமைப்பதைப் பெற்றோர் சிலர் எதிர்த்தனர். அவர்களும் பெற்றோர்தாம், அவர்கள் சொன்னதும் பிள்ளைகளின் பெயரால்தான். தீண்டாமையை ஒழித்த அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இருக்கும்போது, அங்கே இரு பக்கம் ஏது? தீண்டாமை தவறு என்று கற்பிப்பது கட்சிச் செய்தி அன்று. அது குடியரசின் அரிச்சுவடி.

ஆயின் அறிஞரும் மக்களும் உண்மையிலேயே கருத்து வேறுபட்டு நிற்கும் பொருள்களும் பல உள்ளன. எந்த வரி நல்லது, எந்தத் திட்டம் சிறந்தது, எவர் ஆளத் தகுந்தவர் என்பன அத்தகையன. அங்கே ஆசிரியர் தம் விரலைத் தட்டின் மேல் வைக்கலாகாது. மேற்கு ஜெர்மனியில் 1970களின் தொடக்கத்தில் ஹெஸ்ஸே மாநிலத்துப் பாடத்திட்டம் ஒருசார்பானது என்று பெற்றோர் திரண்டு எதிர்த்தனர். அரசியல் கல்வி பற்றிய பூசல் முற்றிய நிலையில், 1976இல் பாய்ட்டல்ஸ்பாக் என்னும் சிற்றூரில் மாறுபட்ட கருத்துடைய கல்வியாளர்கள் கூடினர். அக்கூட்டத்தில் மூன்று நெறிகள் தெளிவாயின. மாணவரைத் தம் கருத்தால் அமிழ்த்தித் திணறச் செய்யாமை ஒன்று. அறிவுலகிலும் அரசியலிலும் விவாதத்திற்குரியது வகுப்பிலும் விவாதத்திற்குரியதாகவே தோன்ற வேண்டும் என்பது மற்றொன்று. மாணவர் தம் நிலையைத் தாமே ஆராய்ந்து செயற்படும் திறன் பெற வேண்டும் என்பது மூன்றாவது. நாஜி ஆட்சிக் காலத்தில் பள்ளிகளே பரப்புரை மேடைகளாக மாறியதைக் கண்ட நாடு அது. அந்நாட்டார் அரசியலை வகுப்பிலிருந்து விரட்டவில்லை. அதனைப் பேசும் முறையைச் செம்மை செய்தனர்.

நம் நாட்டில்

நம் அரசமைப்புச் சட்டம் சமயம் பற்றி விழிப்போடு இருந்தது. முழுமையாக அரசு நிதியில் இயங்கும் கல்வி நிறுவனத்தில் சமய போதனை கூடாது என்றும், அரசின் ஏற்போ உதவியோ பெற்ற நிறுவனத்தில் சமய போதனை நடந்தால் பெற்றோர் இசைவின்றி அதில் பிள்ளையைப் பங்கேற்கச் செய்யலாகாது என்றும் 28ஆம் பிரிவு கூறுகிறது. கட்சி போதனை பற்றி அத்தகைய தனிப்பிரிவு இல்லை. அந்த இடைவெளியில்தான் தமிழகத்துப் பாடநூல்கள் பலமுறை அல்லல்பட்டன.

2011ஆம் ஆண்டை நினைவுகூர்வோம். சமச்சீர்க் கல்விப் பாடநூல்கள் அச்சாகி இருந்தன. மே திங்களில் ஆட்சி மாறியது. புதிய அரசு அத்திட்டத்தை நிறுத்திவைக்கச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் சென்று, பின் உச்ச நீதிமன்றம் சென்று, ஆகஸ்டு 9ஆம் நாள் திட்டத்தைச் செயற்படுத்த வேண்டும் என்ற தீர்ப்போடு முடிந்தது. அதுவரை மாணவர் பாடநூல் இன்றிப் பள்ளிக்குச் சென்று வந்தனர். பின்னர் வழங்கப்பட்ட நூல்களில் முந்தைய முதலமைச்சர் தொடர்பான பகுதிகள் தாள் ஒட்டி மறைக்கப்பட்டிருந்தன. ஆளும் முதலமைச்சரைப் பாடநூலில் புகழ்ந்தது முதல் பிழை. அதனைத் தாளால் மூடியது இரண்டாம் பிழை. ஒட்டிய பக்கத்தை வெளிச்சத்தின் முன் தூக்கிப் பிடித்து, அடியில் என்ன இருக்கிறது என்று எழுத்துக்கூட்டிப் படித்த பிள்ளைகளை நாம் கண்டோம். அவ்வாண்டு அப்பாடத்தைப் போல் கருத்தூன்றிப் படிக்கப்பட்ட பாடம் வேறொன்று இருந்திருக்குமோ என்பது ஐயமே!

நல்லதையும் சொல்ல வேண்டும். 2021இல் மீண்டும் ஆட்சி மாறியபோது, முந்தைய முதலமைச்சர்களின் படம் அச்சிட்ட புத்தகப் பைகள் இருப்பில் இருந்தன. அவற்றை அப்படியே மாணவருக்கு வழங்கப் புதிய அரசு முடிவு செய்தது. அதனால் 13 கோடி ரூபாய் மிச்சமாவதாகச் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. பாராட்டத்தக்க முடிவு. எனினும் பிள்ளையின் முதுகில் எவர் படமும் வேண்டியதில்லை என்று முடிவு செய்வது அதனினும் பாராட்டத்தக்கதாகும்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பெற்றோருக்கு ஒரு நல்ல கருவியைத் தந்துள்ளது. அதன்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும். குழுவில் பாதிப்பேர் பெண்கள். பாடத்திட்டம் அரசமைப்புச் சட்டத்தின் விழுமியங்களுக்கு இயைய அமைவதும், பிள்ளை அச்சமின்றித் தன் கருத்தை வெளியிடச் செய்வதும் அச்சட்டத்தின் 29ஆம் பிரிவு கூறும் கடமைகள். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு நம் பள்ளிகளுக்கு விலக்குத் தந்தது. கடமையிலிருந்து விடுதலை தரவில்லை. நம் சமுதாயத்தார் நடத்தும் பள்ளியில் பிற சமயத்துப் பிள்ளைகளும் அமர்ந்துள்ளனர். அங்கே நம் ஆசிரியர் ஒருவர் மேடைப் பேச்சை வகுப்பில் பேசினால், ஏதோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளை 'நம்ம வீட்டுல என்ன சொன்னோம்?' என்று கேட்கக்கூடும். அவ்வினாவின் வலி நமக்குத் தெரியும். தெரிந்தபின் பிறருக்கு அதனைத் தருவது தகாது.

ஆசிரியருக்கும் பெற்றோருக்கும்

ஆசிரியப் பெருமக்களுக்கு நாம் கூற விரும்புவன சிலவே. முதலாவதாக, கட்டுரையின் முடிவுக்கு மதிப்பெண் இடாதீர்கள்; அம்முடிவிற்கு மாணவர் வந்த வழிக்கு இடுங்கள். இரண்டாவதாக, உங்களுக்குப் பிடிக்காத தரப்பின் வாதத்தை அத்தரப்பினரே 'ஆம், இதுதான் எங்கள் வாதம்' என்று ஏற்கும் வண்ணம் சொல்லிக் காட்டுங்கள். அவ்வாறு சொல்ல இயலவில்லையெனில் அப்பொருளைக் கற்பிக்க இன்னும் நாம் ஆயத்தமாகவில்லை என்பது பொருள். மூன்றாவதாக, எந்தப் பிள்ளையையும் அதன் சாதிக்கோ சமயத்திற்கோ வீட்டிற்கோ பேராளாக நிறுத்தி வினவாதீர்கள். மாணவர் உங்கள் கருத்தைக் கேட்டால் மறைக்க வேண்டியதில்லை. 'இது என் கருத்து, மாறுபடுவோரும் உளர், அவர்களின் காரணம் இது' என்று கூறுவதில் இழிவு இல்லை. எவர் கூறினும் அதன் மெய்ம்மையைக் காண்பதே அறிவு என்று வள்ளுவர் வகுத்த இலக்கணம் ஆசிரியரின் வாய்ச்சொல்லுக்கும் பொருந்தும்.

பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளை வந்து சொன்ன ஒரு வரியைக் கேட்டவுடன் பள்ளியின் மேல் படையெடுக்காதீர்கள். பாடத்தை முதலில் முழுவதும் படியுங்கள். ஆசிரியரை முதலில் பாருங்கள். பிறகு தலைமையாசிரியர், பிறகு மேலாண்மைக் குழு, பிறகு நீதிமன்றம். இன்று கைப்பேசியில் எடுத்த அரைநிமிடக் காட்சி ஊரெங்கும் சுற்றி, மாலைக்குள் ஓர் ஆசிரியரின் வாழ்வைக் குலைத்துவிடுகிறது. அக்காட்சியின் முன்னும் பின்னும் என்ன பேசப்பட்டது என்று கேட்பார் இல்லை. இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 'இதைத் திணிக்கிறார்' என்பது உங்கள் குறையா, 'நான் திணிப்பதைக் கெடுக்கிறார்' என்பது குறையா? முன்னது முறையீடு. பின்னது முறையீடு ஆகாது. நம் கருத்தோடு மாறுபட்ட ஒன்றைப் பிள்ளை கேட்டு வருவதனால் வீடு இடிந்துவிடாது. இரவு உணவின்போது அதைப் பற்றிப் பேச ஒரு வாய்ப்புக் கிடைத்தது என்று கொள்வோம்.

அந்த இஸ்திரி வண்டிக்காரர் விடைபெறும்போது ஏட்டை மீண்டும் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். படிக்கத்தான் அனுப்பிச்சேன்" என்றார். தம் மகளை எதற்காகப் பள்ளிக்கு அனுப்பினார் என்பதை அவர் அறிந்திருந்தார். நாம்தாம் சிறிது காலம் மறந்திருந்தோம். கல்வி பற்றிய பல நூல்களை அதன்பின் படித்தோம். 'படிக்கத்தான் அனுப்பினேன்' என்ற அச்சொல்லைவிடத் தெளிவான விளக்கத்தை எங்கும் கண்டிலோம்.

இவ்வாண்டு நம் துறையிலிருந்து பட்டம் பெற்றுச் செல்லும் மாணவ மாணவியருள் பலர் நாளை ஆசிரியராவர். கரும்பலகையின் முன் சுண்ணக்கட்டியோடு நிற்கும்போது, நீர் வார்த்தவர் யார், காய் விழும் முற்றம் யாருடையது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். சிவப்பு மையால் கோடிடுமுன் அப்பக்கத்தை ஒருமுறை முழுதும் படியுங்கள். அதில் ஒரு தெரு இருக்கலாம். குடங்களின் வரிசை இருக்கலாம். நீங்கள் இதுவரை கேள்விப்படாத ஒரு தலைவரும் இருக்கலாம்.